ஆக்ஸ்போர்டு: திட்டிவாசல்கள் வழியே ஒரு நாள் நடை

லண்டனில் வேலை பார்க்கும் மகனிடம் ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் 65 வயது தாண்டிவிட்டது. ஒரே ஒரு நாள் ஆக்ஸ்போர்டுக்கு அழைத்துப்போக வேண்டும், மேல்மாடி திறந்த சுற்றுலாப் பேருந்தில் அவர்களுக்கு விருப்பமில்லை. நடந்தே பார்த்துவிட முடியுமா, எந்தக் கல்லூரிக்குள் நுழையலாம், பல்கலைக்கழகம் ஊரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கேள்வி. அந்நகரில் சில ஆண்டுகள் வசித்தவன், வந்த உறவினரையெல்லாம் இதே தெருக்களில் கூட்டிப்போய்க் களைத்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மற்ற இரண்டும் அதைப் பொறுத்தவை. பல்கலைக்கழகம் ஊரின் எந்தப் பக்கத்திலும் இல்லை. நம்மூரில் பல்கலைக்கழகம் என்றால் நெடுஞ்சாலையோரம் ஒரு வளைவு, அதைத் தாண்டி ஒரு வளாகம், துணைவேந்தர் அலுவலகம் என்று கண்ணில் படும். ஆக்ஸ்போர்டில் அப்படி ஒரு வளைவைத் தேடினால் மாலைவரை தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளும் விடுதிகளும் தனித்தனி மதிலும் தனித்தனி சொத்தும் கொண்டு ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே பொதுவாக இருக்கும் நூலகம், தேர்வு மண்டபம், பட்டமளிப்பு அரங்கு போன்றவைதான் பல்கலைக்கழகத்துக்கென்று உள்ள கட்டடங்கள். இதற்குத் தொடங்கிய நாளும் கிடையாது. 1096ஆம் ஆண்டளவிலேயே அங்கே பாடம் நடந்திருக்கிறது. 1167இல் இரண்டாம் ஹென்றி மன்னன் ஆங்கிலேய மாணவர்கள் பாரிசுக்குப் படிக்கப் போவதைத் தடுத்த பிறகு கூட்டம் பெருகியது. கல்லூரிகள் வந்ததெல்லாம் அதற்குப் பிந்தி, 13ஆம் நூற்றாண்டில்தான்.

எனவே ஆக்ஸ்போர்டைப் பார்ப்பது என்பது பெரும்பாலும் மதில்களையும் வாயில்களையும் பார்ப்பது, திறந்திருக்கும் வாயிலுக்குள் எட்டிப்பார்ப்பது, இரண்டு மூன்றில் மட்டும் உள்ளே போவது. பத்துக் கல்லூரிக்குள் போய்வந்தவர்களுக்கு எல்லாமே புல்தரையும் சிற்றாலயமும் உணவுக்கூடமுமாக ஒன்றோடொன்று குழம்பிப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நாள் திட்டத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, திறக்கும் நேரம். லண்டன் பேடிங்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான் கீழே சொல்லும் சுற்று, நிலையத்தில் தொடங்கி நிலையத்திலேயே முடிய, 6 அல்லது 7 கிலோமீட்டருக்கு மேல் வராது. ஏற்றமே இல்லாத ஊர், ஆகவே வயது தடையில்லை. ஆனால் பல கல்லூரிகள் பார்வையாளரைப் பிற்பகலில் மட்டுமே அனுமதிக்கின்றன. தேர்வு, திருமணம், கல்லூரி விருந்து என்று எந்தக் காரணத்துக்காகவும் அறிவிப்புப் பலகை ஒன்றை வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒருமுறை என் மாமாவையும் அத்தையையும் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அழைத்துப்போய் மூன்று வாயில்களில் திரும்பி, நான்காவதில் பத்து நிமிடம் மட்டும் அனுமதி பெற்ற அனுபவம் எனக்கு உண்டு. முந்தின நாள் இரவே கல்லூரிகளின் தளங்களில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காலையைத் தெருக்களுக்கும் பிற்பகலைக் கல்லூரிகளுக்கும் ஒதுக்குங்கள். கூழாங்கல் பாவிய தெருக்கள் சில உண்டு, அம்மாவுக்கு மெல்லிய செருப்பு வேண்டாம்.

நிலையத்திலிருந்து கிழக்கே பதினைந்து நிமிடம் நடந்தால் கார்ஃபாக்ஸ் என்னும் நாற்சந்தி வரும். அந்தப் பெயரே 'நான்கு கிளை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அங்கே தனியாக நிற்கும் கோபுரம் புனித மார்ட்டின் தேவாலயத்தின் எச்சம். போக்குவரத்துக்கு வழிவிடுவதற்காக 1896இல் ஆலயத்தை இடித்துவிட்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். 99 படிகள். உயரத்திலிருந்து பார்க்க ஆசையிருந்தால் இதைவிட நல்ல இடம் பின்னால் வருகிறது.

நாற்சந்தியில் நின்று நீங்கள் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒரு சண்டைக் கதை. 1355ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், இந்தச் சந்தியிலிருந்த சுவிண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடையில் இரண்டு மாணவர்கள் மது நன்றாக இல்லை என்று குறை சொன்னார்கள். வாய்ப்பேச்சு கைகலப்பாகி, மதுக்கிண்ணம் கடைக்காரர் தலையில் இறங்கியது. ஊர்க்காரர்கள் ஒரு தேவாலய மணியையும் மாணவர்கள் மற்றொரு தேவாலய மணியையும் அடித்து ஆள் திரட்டினார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்து, இரண்டு மூன்று நாள் நடந்த கலவரத்தில் மாணவர் தரப்பில் 63 பேரும் ஊரார் தரப்பில் ஏறத்தாழ 30 பேரும் மாண்டதாகக் கணக்கு. அரசன் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றான். ஆண்டுதோறும் அதே நாளில் நகர மேயரும் ஊர்ப் பிரமுகர்களும் பல்கலைக்கழகத் தேவாலயத்துக்கு வந்து, இறந்த மாணவன் ஒருவனுக்கு ஒரு பென்னி வீதம் 63 பென்னி காணிக்கை செலுத்த வேண்டும் என்று தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் தலைகுனிவு 1825 வரை, 470 ஆண்டுகள் தொடர்ந்தது. இரு தரப்பும் முறைப்படி சமாதானமானது 1955இல்தான்.

இந்தக் கதை மனத்தில் இருந்தால் அடுத்து வரும் கட்டடங்கள் ஏன் கோட்டை போல இருக்கின்றன என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. தெருவைப் பார்த்த சுவரில் சன்னல்கள் குறைவு. நடுவில் ஒரு வாயில்கோபுரம். அதில் ஆணி அறைந்த பெருங்கதவு, பெருங்கதவுக்குள் ஓர் ஆள் குனிந்து நுழையும் திட்டிவாசல். உள்ளே போனால் நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றம். நம் பழைய கோயில் கதவையும் முற்றம் வைத்த வீட்டையும் ஒன்றாகச் சேர்த்தது போன்ற அமைப்பு என்று சொன்னால் பெற்றோருக்கு உடனே பிடிபடும். அந்த முற்றத்தை ஆக்ஸ்போர்டில் 'குவாட்' என்பார்கள். நடுவிலுள்ள புல்லில் கால் வைக்கக் கூடாது. வாயிலை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெயர் போர்ட்டர். எழும்பூர் நிலையத்தில் பெட்டி தூக்குபவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரியின் சாவி, தபால், வரவேற்பு, காவல் எல்லாம் அவர் கையில். "உள்ளே பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால், பலகையில் இல்லாத தகவலும் கிடைக்கும்.

கார்ஃபாக்ஸிலிருந்து தெற்கே இறங்கினால் சில நிமிடங்களில் கிறைஸ்ட் சர்ச். கார்டினல் வுல்சி 1525இல் தொடங்கி, அவர் வீழ்ந்த பின் எட்டாம் ஹென்றி 1546இல் மறுபடி நிறுவிய கல்லூரி இது. இதன் சிற்றாலயமே மறைமாவட்டத்தின் பேராலயமாகவும் இருப்பது வேறெங்கும் காணாத ஏற்பாடு. நுழைவுக் கட்டணம் உண்டு, முன்பதிவு செய்வது நல்லது. ஹாரி பாட்டர் படங்களின் மந்திரப் பள்ளிக்கூடத்தில் வரும் படிக்கட்டு இங்கே எடுக்கப்பட்டது என்பதால் கூட்டம் எப்போதும் அலைமோதும். பிள்ளைகள் உடன் வந்தால் தவிர்க்க முடியாது. பெற்றோர் மட்டும் என்றால், வெளியே நின்று டாம் கோபுரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதே என் கருத்து.

அந்தக் கோபுரத்தின் மேற்பகுதியை 1681-82இல் கட்டியவர் கிறிஸ்டோபர் ரென், லண்டனின் புனித பவுல் பேராலயத்தை வடித்தவர். அதில் தொங்கும் 6 டன்னுக்கும் மேற்பட்ட மணி, ஒவ்வோர் இரவும் சரியாக 9 மணி 5 நிமிடத்துக்கு 101 முறை ஒலிக்கிறது. ஆரம்பத்தில் இருந்த 100 மாணவர்களும் பின்னால் சேர்ந்த ஒருவரும் கதவடைப்பதற்குள் வந்து சேர அடித்த மணி அது. அந்த 5 நிமிடம் ஏன் என்பதுதான் சுவையானது. ஆக்ஸ்போர்டு கிரீன்விச்சுக்கு மேற்கே ஒன்றேகால் பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் ஒன்றேகாலுக்கு 5 நிமிடம். ரயில் வந்து நாடு முழுவதும் ஒரே நேரமான பிறகும் இந்த மணிமட்டும் பழைய உள்ளூர்ச் சூரியனுக்கே கட்டுப்பட்டு 9 மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

கல்லூரியின் பக்கத்தில் உள்ள இரும்புக் கதவு வழியே நுழைந்தால் கிறைஸ்ட் சர்ச் புல்வெளி. இதற்குக் கட்டணமில்லை. ஊருக்கு நடுவே, நீண்ட கொம்புள்ள மாடுகள் மேயும் ஈரமான மேய்ச்சல் நிலம் இது. தெற்கே தேம்ஸ், கிழக்கே சார்வெல் என்று இரண்டு ஆறுகள் அணைத்துக்கொண்டிருக்கின்றன. புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தால் அகன்ற நடைபாதையோரத்து இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட இதைவிட நல்ல இடம் நகரில் இல்லை. மழை வந்துவிட்டால் மட்டும் ஹை ஸ்ட்ரீட்டுக்கு ஓடி, 1774இலிருந்து இயங்கும் கூரையிட்ட சந்தையில் ஒதுங்கிக்கொள்ளலாம். அங்கே கறிக்கடையும் பூக்கடையும் தேநீர்க்கடையும் தோளோடு தோள் நிற்கும். சைவம் சாப்பிடுபவர்கள் கறிக்கடைப் பக்கத்து நுழைவைத் தவிர்த்துவிடலாம்.

புல்வெளியின் வடக்கு எல்லையில் மெர்ட்டன் கல்லூரியின் பின்மதிலை ஒட்டி ஓடும் பாதைக்குப் பிணப்பாதை என்று பொருள்படும் பெயர். நகருக்குள் வாழ்ந்த யூதர்கள் இறந்தவர்களை மதிலுக்கு வெளியே இருந்த இடுகாட்டுக்கு இவ்வழியே கொண்டுபோனார்கள் என்பது செவிவழிச் செய்தி. மதில் உண்மையிலேயே பழைய நகர மதில். இதே இடத்தருகிலிருந்துதான் ஜேம்ஸ் சாட்லர் என்ற கேக் கடைக்காரர் 1784 அக்டோபர் 4ஆம் நாள் தானே செய்த வெப்பக்காற்றுப் பலூனில் ஏறி, வானில் பறந்த முதல் ஆங்கிலேயர் ஆனார். சுவரில் ஒரு பலகை இருக்கிறது. பல்கலைக்கழகத்து அறிஞர் எவரும் அன்று பறக்கவில்லை என்பதை ஊர்க்காரர்கள் இன்றும் சற்றுப் பெருமையோடு சொல்வார்கள்.

குறுகிய சந்து ஒன்றின் வழியே மெர்ட்டன் தெருவுக்கு ஏறுங்கள். கூழாங்கல் பாவிய, கார்ச் சத்தமில்லாத தெரு. 1264இல் நிறுவப்பட்ட மெர்ட்டன், 1249ஐக் கணக்கில் காட்டும் யூனிவர்சிட்டி கல்லூரி, 1263 என்று சொல்லும் பேலியல் ஆகிய மூன்றுக்கும் யார் மூத்தவர் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. ஒருவர் பணம் வந்த நாளையும் ஒருவர் மாணவர் குடியேறிய நாளையும் ஒருவர் சட்டதிட்டம் எழுதிய நாளையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரி ஒன்றுக்குள் போக வேண்டுமென்றால் என் முதல் பரிந்துரை மெர்ட்டன்தான். அதிலுள்ள மாப் குவாட் என்ற சிறு முற்றம் 14ஆம் நூற்றாண்டிலேயே முழு வடிவம் பெற்றுவிட்டது. கிறைஸ்ட் சர்ச்சில் நூறு பேருக்கு நடுவே நிற்பதைவிட இங்கே பத்துப் பேருக்கு நடுவே நிற்கலாம்.

தெருவின் கிழக்கு முனை ஹை ஸ்ட்ரீட்டில் கொண்டுவிடும். திரும்பும் மூலையில் உள்ள பெரிய கட்டடம் தேர்வு மண்டபம். மே, ஜூன் மாதங்களில் வந்தால் கறுப்பு அங்கியும் வெள்ளைச் சட்டையுமாக மாணவர்கள் அதற்குள் போவதைக் காணலாம். சட்டையில் செருகியிருக்கும் பூவைக் கவனியுங்கள். முதல் தேர்வுக்கு வெள்ளை, இடைப்பட்டவற்றுக்கு இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. வலப்பக்கம் சில நிமிட நடையில் மாட்லின் கல்லூரி இருக்கிறது. எழுத்தில் 'மாக்டலென்' என்று வந்தாலும் உச்சரிப்பு மாட்லின்தான். 44 மீட்டர் உயரக் கோபுரம், மான்கள் மேயும் தோட்டம், எதிரே 1621இல் தொடங்கிய, பிரிட்டனிலேயே பழமையான தாவரவியல் பூங்கா. ஆனால் மாட்லினுக்குள் போனால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். மரம் செடியில் ஈடுபாடுள்ள அப்பாவாக இருந்தால் மெர்ட்டனை விட்டுவிட்டு இதைப் பாருங்கள், இரண்டும் வேண்டாம்.

ஹை ஸ்ட்ரீட்டில் மேற்கே போகும்போது, குயின்ஸ் கல்லூரிக்கு முன்னால் வடக்கே பிரியும் குயின்ஸ் சந்துக்குள் திரும்ப வேண்டும். (திரும்பாமல் இன்னும் சற்று நேரே போனால் யூனிவர்சிட்டி கல்லூரிச் சுவரில் ஒரு பலகை தெரியும். 1655 முதல் 1668 வரை அங்கிருந்த வீட்டில் ராபர்ட் பாயில் வசித்ததையும், அவருடைய உதவியாளர் ராபர்ட் ஹூக் காற்றுப்பம்பு செய்ததையும் அது சொல்லும். பள்ளியில் பாயில் விதி படித்த எவரும் அந்தச் சுவருக்கு முன் ஒரு நிமிடம் நிற்கலாம்.) குயின்ஸ் சந்துதான் இந்த நகரில் எனக்கு மிகப் பிடித்த நடை. இருபுறமும் உயர்ந்த கல்மதில்கள், கடை இல்லை, சன்னல் இல்லை, இரண்டு முறை வளைந்து போகும்போது பின்னால் சைக்கிள் மணி மட்டும் கேட்கும். இந்தச் சந்து வழியில் உள்ள 'புதுக் கல்லூரி' 1379இல் நிறுவப்பட்டது. அவர்களுக்கு இடம் கொடுத்தபோது, அவ்வழியே போகும் நகர மதிலைப் பழுதுபார்த்துக் காக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். மேயரும் நகர மன்றத்தாரும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து மதில் ஒழுங்காக இருக்கிறதா என்று இன்றும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1355இன் கணக்கில் ஊராருக்குக் கிடைத்த சிறு ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சந்து முடியுமிடத்தில் தலைக்கு மேல் ஒரு மூடுபாலம். எல்லாரும் நின்று படமெடுப்பார்கள். வெனிஸ் நகரத்துப் பாலத்தின் பெயரால் அழைக்கப்படும் அது கட்டி முடிந்தது 1914இல்தான். ஹெர்ட்ஃபோர்டு கல்லூரியின் இரு பகுதிகளை இணைப்பது தவிர அதற்கு வேறு பழங்கதை எதுவும் இல்லை. பாலத்துக்கு எதிரே சற்று வடக்கில், பிராட் ஸ்ட்ரீட் மூலையில் உள்ள கட்டடத்தைத்தான் நம்மவர்கள் பார்க்க வேண்டும், பெரும்பாலும் பார்ப்பதில்லை. சுவரில் யானைத் தலைகளும் புலித் தலைகளும் செதுக்கியிருக்கும். உச்சிக் குவிமாடத்தில் காற்றின் திசை காட்டுவது சேவலன்று, யானை. வடமொழிப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸ் இந்தியாவெங்கும் அலைந்து நன்கொடை திரட்டி எழுப்பிய இந்தியக் கழகம் அது. 1883இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்தியாவை ஆளப்போகும் அதிகாரிகளுக்குப் பயிற்சியளிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆட்சி போய், 1960களில் நூலகமும் வேறிடம் போய், இப்போது வேறொரு ஆய்வு நிறுவனம் அதில் இயங்குகிறது. யானை மட்டும் இன்னும் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து தெருவைக் கடந்தால் போட்லியன் நூலகத்தின் முற்றம். முற்றத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. உள்ளறைகளைக் காண வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுக்குச் சீட்டு வாங்க வேண்டும். இந்த நாளில் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் பணம் என்றால் அதை இங்கே செலவிடுங்கள். முற்றத்தைச் சுற்றிலும் உள்ள சிறு கதவுகளின் மேல் பொன்னெழுத்தில் லத்தீன் வாசகங்கள் இருக்கும். தர்க்கப் பள்ளி, இசைப் பள்ளி, இயற்கைத் தத்துவப் பள்ளி என்று அந்தந்தப் பாடத்துக்கான பெயர்கள் அவை. ஒரு காலத்தில் மொத்தப் பல்கலைக்கழகமும் இந்தக் கதவுகளுக்குப் பின்னால் அடங்கியிருந்தது. "பல்கலைக்கழகம் எங்கே?" என்று அப்பா மறுபடியும் கேட்டால், இந்த முற்றத்தைக் காட்டிவிடலாம்.

தாமஸ் போட்லி இந்நூலகத்தை 1602இல் திறந்தார். 1610இல் லண்டன் அச்சக வணிகர் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து, அவர்கள் பதிவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி தமக்கு வரும்படி செய்தார். நம்முடைய கன்னிமாரா நூலகத்துக்கு நூற்படி அனுப்பும் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஆனால் எந்த நூலும் வெளியே போகாது. உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னன் ஆக்ஸ்போர்டையே தலைநகராக்கிக் கிறைஸ்ட் சர்ச்சில் தங்கியிருந்தான், அரசி மெர்ட்டனில் இருந்தாள். 1645இல் அவன் ஒரு புத்தகத்தை இரவல் கேட்டு ஆளனுப்பினான். நூலகர் விதியைக் காட்டி மறுத்துவிட்டார். மன்னனும் ஏற்றுக்கொண்டான். வாசகராகச் சேருவோர் தீயோ சுடரோ உள்ளே கொண்டுவர மாட்டேன் என்று உறுதிமொழி சொல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. கணப்பு மூட்டாத அறையில் குளிரில் நடுங்கிப் படித்த தலைமுறைகளின் நினைவு அது.

வழிகாட்டியுடன் செல்லும் சுற்றில் காணும் இறையியல் மண்டபத்தின் கல்விதானம் 15ஆம் நூற்றாண்டு வேலை. பூவேலைப்பாடும் எழுத்துகளும் குலச்சின்னங்களுமாக நூற்றுக்கணக்கான கற்குமிழ்கள் விதானத்திலிருந்து தொங்குவது போல் இருக்கும். நம் கோயில் மண்டப விதானங்களை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

முற்றத்தின் தெற்கு வாயிலைத் தாண்டினால் திடீரென்று வெளி விரிந்து, வட்டமான ராட்கிளிஃப் கேமரா எழுந்து நிற்கும். கேமரா என்றால் லத்தீனில் அறை என்று பொருள், படப்பெட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜான் ராட்கிளிஃப் என்ற மருத்துவர் விட்டுப்போன பணத்தில், ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1737 முதல் 1749 வரை கட்டப்பட்டது. உள்ளே மாணவர் வாசிப்பறை, ஆகவே சுற்றி வருவதோடு சரி. எதிரே புனித மரியாள் தேவாலயம். கோபுரத்தின் 127 படிகளும் ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகும் அளவு குறுகலானவை. முழங்கால் வலியுள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஏறி வாருங்கள்.

கீழே இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆலயத்துக்குள், பிரசங்க மேடைக்கு எதிரே உள்ள தூணில் ஓரிடத்தில் கல் வெட்டப்பட்டிருக்கும். மேடை அமைப்பதற்காக வெட்டியது அது. முதலாம் மேரி அரசி நாட்டைக் கத்தோலிக்கத்துக்குத் திருப்பியபோது, பேராயர் தாமஸ் கிரான்மர் சிறைப்பட்டு, தம் புராட்டஸ்டன்ட் கொள்கையைக் கைவிடுவதாகப் பலமுறை கையொப்பமிட்டார். அதை மக்கள்முன் உறுதிப்படுத்துவதற்காக 1556 மார்ச் 21இல் இந்த மேடையில் ஏற்றப்பட்டார். அவரோ அந்தக் கையொப்பங்களையே மறுத்தார். அங்கிருந்து பிராட் ஸ்ட்ரீட்டுக்கு இழுத்துச் செல்லப்பட்டு எரிக்கப்பட்டபோது, கையொப்பமிட்ட வலக்கையை முதலில் தீயில் நீட்டினார் என்பது வரலாறு. முந்தைய ஆண்டு அக்டோபரில் லாட்டிமர், ரிட்லி என்ற இரு ஆயர்களும் அதே இடத்தில் எரிந்தார்கள்.

அவர் போன வழியிலேயே நீங்களும் பிராட் ஸ்ட்ரீட்டுக்கு வரலாம். வழியில் ரென்னின் ஷெல்டோனியன் அரங்கு, அதன் வேலியில் வரிசையாகத் தாடி வைத்த கல்தலைகள். இவை மூன்றாவது தொகுதி. இரண்டாவது தொகுதியை 1868இல் மோசமான கல்லில் செதுக்கியதால், நிலக்கரிப் புகையில் அரித்து மூக்கும் கண்ணும் உருகி வழிந்து முகமே இல்லாமற்போய், 1972இல் புதிதாகச் செதுக்கிவைத்தார்கள். ஊரில் நீங்கள் காணும் தேன்நிறச் சுவர்களில் பலவும் இப்படி 20ஆம் நூற்றாண்டில் மறுபடி போர்த்தப்பட்டவைதாம். உள்ளூர் ஹெடிங்டன் கல் கறுத்துக் கொப்புளித்து உதிர்ந்ததால் வெளியூர்க் கல் கொண்டுவந்தார்கள். பக்கத்திலுள்ள அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கட்டணமில்லை. 1931இல் ஐன்ஸ்டைன் விரிவுரையில் எழுதிய கரும்பலகை அழிக்கப்படாமல் அங்கே இருக்கிறது.

பிராட் ஸ்ட்ரீட் சாலையின் நடுவில் கல்லில் பதித்த ஒரு சிலுவை, மூவரும் எரிந்த இடத்தைக் காட்டும். நேர் எதிரே பேலியல் கல்லூரி. அன்று தீயில் கருகியதாகச் சொல்லப்படும் பழைய மரக்கதவுகள் உள்ளே முன்முற்றத்துக்கும் தோட்ட முற்றத்துக்கும் இடைப்பட்ட வழியில் இருக்கின்றன. ஆனால் நம்மவருக்கு இக்கல்லூரிக்குள் நுழைய வேறு காரணம் உண்டு. 19 வயதில், 1839இல், தமிழ்நாட்டுக்கு வந்து சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் பணியாற்றிய ஜி. யு. போப், ஊர் திரும்பிய பின் 1884 முதல் இப்பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார், பேலியலின் சிற்றாலயக் குருவாகவும் இருந்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வெளிவந்தது. திருவாசக மொழிபெயர்ப்பு பிறந்த கதையை அவரே அதன் முன்னுரையில் சொல்கிறார். ஓர் இரவு இந்த முற்றத்தில் கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு உலவும்போது பேச்சு மாணிக்கவாசகர் பக்கம் திரும்பியது. அதை மொழிபெயர்த்து அச்சிட வேண்டும் என்றார் ஜோவெட். இந்த வயதில் முடிக்க முடியுமா என்று போப் தயங்க, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று அவர் தோளில் கைவைத்துச் சொன்னாராம். ஜோவெட் 1893இல் மறைந்தார். போப் தம் 80ஆவது பிறந்தநாளான 1900 ஏப்ரல் 24 என்று தேதியிட்டு முன்னுரையை முடித்தார்.

பேலியலைச் சுற்றி வடக்கே திரும்பினால் தியாகிகள் நினைவுச்சின்னமும், அதனருகில் இடப்புறம் அஷ்மோலியன் அருங்காட்சியகமும் வரும். கட்டணமில்லை, கழிப்பறையும் தேநீரும் உண்டு, கால் ஓய்வுக்கு உகந்த இடம். கும்பகோணம் பக்கத்துப் பெருமாள் கோயிலொன்றிலிருந்து திருடுபோய், 1967இல் ஏலத்தில் இவர்கள் வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத்திருமேனி இங்கேதான் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த 1957ஆம் ஆண்டுப் புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுக்க, அதைத் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது. ஆகவே அதைத் தேட வேண்டாம், மற்ற இந்தியச் சிற்பங்களைப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

அதற்குப் பின் வால்டன் ஸ்ட்ரீட்டில் வடக்கே பத்து நிமிட நடை. ஆக்ஸ்போர்டு அச்சகத்தின் பெரிய கட்டடத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், வலப்புறம் மரங்கள் சூழ்ந்த ஒரு குறுகிய வழி புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறது. 1848இல் திறந்து, இப்போது அடக்கம் செய்வது நின்றுபோன, புல் வளர்ந்த அமைதியான இடம். பகல் வெளிச்சத்தில் போய்விடுங்கள். போப்பும் ஜோவெட்டும் இங்கேதான் துயில்கிறார்கள். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று போப்பின் கல்லறையில் எழுதியிருப்பதாக நாம் பள்ளியில் படித்திருப்போம், மேடைகளில் கேட்டிருப்போம். கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் குரு என்ற விவரங்களும், பிறந்த நாளும் 1908 பிப்ரவரியில் இறந்த நாளும் இருக்கின்றன. அவற்றோடு, அந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டியதாக ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். இல்லாத வரியைவிட இருக்கும் வரி எனக்கு அதிகம் பிடிக்கும். தமிழ்நாட்டிலிருந்து பணம் கப்பலேறி வந்து அந்தக் கல்லாகியிருக்கிறது.

அங்கிருந்து நிலையத்துக்கு வால்டன் ஸ்ட்ரீட்டிலேயே தெற்கே திரும்பி வந்து, வுஸ்டர் கல்லூரி மூலையைக் கடந்து, ஹைத் பாலத் தெருவில் வலப்புறம் திரும்பினால் மொத்தம் இருபது நிமிடம். அம்மாவுக்குக் கால் ஓய்ந்துவிட்டால் வால்டன் ஸ்ட்ரீட்டிலேயே டாக்சி பிடித்துக்கொள்ளலாம்.